பாரிஸில் பத்து நாள்: இரவுச் சாப்பாட்டுக்கு எந்த ஏற்பாடு நல்லது?

என் தங்கை குடும்பத்தார் வருகிற ஜூன் மாதம் பத்து நாள் பயணமாகப் பாரிஸ் செல்கிறார்கள். தென்காசியிலிருந்து கிளம்புகிறவர்கள் ஐந்து பேர்: தங்கை, மச்சான், கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைக் கடந்த அவளுடைய மாமியார். திருவனந்தபுரத்திலிருந்து விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. தங்குமிடம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. தயக்கத்துக்குக் காரணம் வாடகையைவிடச் சாப்பாடுதான். சென்ற ஆண்டு ஜூனில் நானும் என் மனைவியும் மகனும் எழுபத்திரண்டு வயதான என் அம்மாவும் அதே நகரத்தில் பத்து இரவுகள் தங்கிவந்தோம் என்பதால், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் படியேறியதும் தங்கை முதலில் கேட்டது, "அண்ணாச்சி, அங்க அத்தைக்கு ராத்திரி என்ன கொடுக்க?" என்பதுதான்.

அன்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது, இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் எந்தப் பகுதியில் தங்குவது, எப்படிப்பட்ட இடத்தில் தங்குவது, பகலை எப்படிப் பங்கிடுவது என்ற மற்றக் கேள்விகளும் தாமாகவே அடங்கிவிடும் என்று தோன்றியது. நம்முன் இருக்கும் வழிகள் நான்கு. எல்லாவற்றையும் ஏற்பாட்டாளரிடம் ஒப்படைத்துவிடும் குழுச் சுற்றுலா ஒன்று. ஓட்டலில் அறை எடுத்து உணவகங்களில் சாப்பிடுவது இன்னொன்று. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சாப்பெல் பகுதியில் தங்கி மூன்று வேளையும் நம் சாப்பாட்டையே சாப்பிடுவது மூன்றாவது. சமையலறையுள்ள வீட்டைச் சில நாள்களுக்கு வாடகைக்கு எடுப்பது நான்காவது. நாங்கள் முதல் நான்கு இரவுகளை ஓட்டலிலும் அடுத்த ஆறு இரவுகளை வாடகை வீட்டிலும் கழித்தோம். லா சாப்பெலில் பல வேளை சாப்பிட்டோம். எங்கள் பக்கத்துத் தெருவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர் அதே ஆண்டில் குழுச் சுற்றுலாவில் போய்வந்து தங்கள் அனுபவத்தை விரிவாகச் சொன்னார்கள். ஆகவே நான்கையும் ஓரளவு அருகிலிருந்தே ஒப்பிட முடிகிறது.

ஒப்பீட்டுக்கு முன்னால் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் சிரமங்களில் பாதி அதிலிருந்தே பிறந்தது. கோடைக்காலத்தில் பாரிஸ் நேரம் நம் நேரத்துக்கு மூன்றரை மணி பின்தங்கியது. அம்மா ஊரில் இரவு எட்டு மணிக்குச் சாப்பிடுபவர். அவருடைய உடம்புக்கு எட்டு மணி ஆகும்போது பாரிஸில் மாலை நான்கரைதான் ஆகிறது. அங்கே உணவகச் சமையலறைகள் பொதுவாகப் பகல் பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரையிலும், பிறகு இரவு ஏழு அல்லது ஏழரைக்கு மேலும்தான் இயங்குகின்றன. அதாவது, இறங்கிய முதல் மூன்று நான்கு நாள்களில் நம் முதியவர்களுக்குப் பசி எடுக்கும் நேரமும் ஊர் முழுக்க அடுப்பு அணைந்திருக்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. அதேபோல் நம் ஊரில் விடியும் ஆறரை மணிக்கு அங்கே அதிகாலை மூன்று; அந்நேரத்தில் விழித்துக்கொண்டு ஒரு வாய் காபிக்காகக் காத்திருப்பவருக்கு ஓட்டலின் காலை உணவு ஏழு மணிக்குத்தான் தொடங்கும். ஜூன் மாதத்தில் சூரியன் இரவு பத்து மணியளவில்தான் மறைகிறது என்பதால், வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தை மதிப்பிடும் நம் பழக்கமும் கைகொடுப்பதில்லை.

இந்தப் பசியோடு பகலின் சின்னச் சின்ன எரிச்சல்களும் வந்து சேர்கின்றன. பாரிஸ் மெட்ரோ 1900இல் தொடங்கியது. பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, வண்டி மாறும் இடங்களில் நீண்ட நடைபாதைகளும் படிக்கட்டுகளும் தொடர்ந்து வரும். தெருவோரத் தானியங்கிக் கழிப்பறைகள் 2006 முதல் இலவசம்தான் என்றாலும், ஒருவர் வெளிவந்ததும் உட்புறத்தைத் தானே கழுவி முடிக்கும் வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். உள்ளே கழுவிக்கொள்ளத் தண்ணீர்க் குழாய் இருக்காது என்பதால் கையில் ஒரு பாட்டில் வேண்டும். இதற்கு அஞ்சியே என் அம்மா பகல் முழுவதும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். மாலையில் தலைவலி வந்த பிறகுதான் எங்களுக்கு அது தெரிந்தது. நுழைவுச்சீட்டு வரிசை, புரியாத அறிவிப்பு, மூடியிருக்கும் கடை என ஒவ்வொன்றையும் தனித்தனியே பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அத்தனையும் சேர்ந்து கனக்கும் மாலை வேளையில் சாப்பாடு எங்கே என்று தெரியாமல் தெருவில் நிற்க நேர்ந்தால் குடும்பத்தில் யாருக்கும் யாரிடமும் பொறுமை இருப்பதில்லை. எனவே ஒவ்வொரு வழியையும் அந்த மாலை வேளையை எப்படிக் கடக்க உதவுகிறது என்பதை வைத்தே நான் எடைபோடுகிறேன்.

குழுச் சுற்றுலாவை விரைவாகச் சொல்லிவிடலாம். இந்தியப் பயணிகளுக்கான பெரும்பாலான ஏற்பாடுகளில் இரவுச் சாப்பாடு இந்திய உணவகத்தில்தான். சோறு, ரொட்டி, பருப்பு, ஒரு காய் என்று கிடைத்துவிடும். மொழியும் வழியும் தெரியாத கவலை இல்லை. படியேற வேண்டிய மெட்ரோவுக்குப் பதில் வாசலுக்கே பேருந்து வரும். பக்கத்துத் தெரு ஆசிரியர் இவற்றை நன்றியோடுதான் சொன்னார். ஆனால் பத்து நாளில் அவர்கள் பார்த்தது நான்கு நாடுகள். பாரிஸுக்கு ஒதுக்கியது இரண்டு இரவுகள். காலை ஏழரைக்குப் பெட்டியோடு கீழே நிற்க வேண்டும் என்பதால் அவருடைய மனைவிக்கு முழங்கால் வலி வந்த நாளிலும் ஓய்வெடுக்க முடியவில்லை. பல நகரங்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், தனியே போகத் துணிவில்லை என்கிறவர்களுக்கு இதுவே தகுந்த வழி. ஒரே நகரத்தில் பத்து நாள் இருக்கப் போகும் என் தங்கைக்கு இது பொருந்தாது.

இரண்டாவது வழியான ஓட்டலும் உணவகமும் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் பெரிய இன்பமும் பெரிய சங்கடமும் கலந்திருக்கின்றன. முதலில் இன்பம். மதிய வேளையில் பல உணவகங்கள் 'ஃபோர்முல்' என்று ஒரு கூட்டு விலை வைத்திருக்கின்றன: முன்னுணவும் முதன்மை உணவும், அல்லது முதன்மை உணவும் இனிப்பும், ஏறக்குறைய 15 முதல் 20 யூரோவுக்குள். அதே கடையில் இரவு உட்கார்ந்தால் பெரும்பாலும் கூடுதலாகும். விலைப்பட்டியலை வாசலிலேயே மாட்டியிருப்பார்கள். வரியும் சேவைக் கட்டணமும் அந்த விலைக்குள்ளேயே அடக்கம், தனியாக டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சாப்பாட்டோடு கேட்டால் ரொட்டித் துண்டுகளும் ஒரு குடுவைக் குழாய்த் தண்ணீரும் இலவசமாகத் தர வேண்டும் என்பது அங்கே விதி. 'தண்ணீர்' என்று மட்டும் சொன்னால் விலைக்கு விற்கும் பாட்டில் வந்துவிடலாம். 'கராஃப் தோ' என்று கேட்க வேண்டும். முதல் நாள் இதை அறியாமல் நான்கு பேர் குடித்த தண்ணீருக்கு ஒரு சாப்பாட்டின் விலையில் பாதிக்குமேல் கொடுத்தோம்.

சொற்கள் இடறும் இடம் இன்னும் உண்டு. அங்கே 'மெனு' என்றால் குறிப்பிட்ட விலைக்கான முழுச் சாப்பாடு. நாம் மெனு என்று சொல்லும் பட்டியலுக்கு அவர்கள் சொல்வது 'கார்த்'. 'ஆந்த்ரே' என்பது முன்னுணவு. வெறுமனே 'கஃபே' என்று கேட்டால் சின்னக் கோப்பையில் பாலில்லாத கடுங்காபி வரும். பால் சேர்த்தது வேண்டுமென்றால் 'கஃபே கிரேம்' என்று சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லாமல் நேரே தேவையைக் கேட்டால் முகம் மாறிவிடுகிறது. சொல்லிவிட்டுக் கேட்டால் பேச்சே வேறு விதமாக இருக்கிறது. நம் ஊரிலும் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்குள் ஒரு வார்த்தை விசாரிக்காமல் நுழைந்து எதையும் கேட்கமாட்டோம் அல்லவா, அதைப் போன்றதே இது. சாப்பிட்டு முடித்த பின் பில் தானாக வராது. கேட்காமல் பில்லைக் கொண்டுவருவது விருந்தாளியை எழுந்து போகச் சொல்வதாகும் என்பது அவர்கள் வழக்கம். இது தெரியாமல் அரைமணி நேரம் நாங்கள் உட்கார்ந்திருந்த நாளில், எங்களைப் பொருட்படுத்தவில்லை என்று என் மனைவி வருந்தினாள்.

சங்கடம் சைவச் சாப்பாட்டில் தொடங்குகிறது. எங்கள் வீட்டில் அம்மாவும் மனைவியும் முழுச் சைவம். மகன் முட்டையும் மீனும் சாப்பிடுவான். காய்கறி என்று எழுதியிருக்கும் பண்டத்திலும் 'லார்டோன்' எனப்படும் பன்றி இறைச்சித் துணுக்குகள் இருக்கக்கூடும். புகழ்பெற்ற வெங்காய சூப்பைப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில்தான் செய்கிறார்கள். பாரம்பரியமான பல சீஸ் வகைகள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறையவைக்கப்படுபவை. இதைத் தெரிந்துகொண்ட நாள் முதல் அம்மா சீஸைத் தொடவில்லை. நம்பிச் சாப்பிட முடிந்தவை என்று நாங்கள் கண்டவை சிலவே. மாரே பகுதியின் ரோசியே தெருவில் விற்கும் ஃபலாஃபெல், அரைத்த கொண்டைக்கடலையைப் பொரித்தது, நம் மசால் வடைக்குத் தூரத்து உறவு. அந்தக் கடைகள் யூதர்களுடையவை என்பதால் வெள்ளி மாலையிலிருந்து சனி முழுதும் பெரும்பாலும் மூடியிருக்கும். மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தை அடுத்த தெருக்களில், பிரான்ஸின் மேற்கிலுள்ள பிரெத்தாஞ் வட்டாரத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள் கொண்டுவந்த 'காலெத்' கிடைக்கிறது. பக்வீட் எனும் தானியத்தின் மாவில் வார்க்கும் அது நிறத்தில் கேப்பைத் தோசையை ஒத்திருந்ததால் அம்மா விருப்பத்தோடு சாப்பிட்டார். உள்ளே இறைச்சி வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ரொட்டி. பகெத் எனும் நீள ரொட்டியின் பாரம்பரிய வகைக்கு மாவு, தண்ணீர், உப்பு, புளிப்பூட்டும் ஈஸ்ட் ஆகியவையே அடிப்படை, செயற்கைச் சேர்க்கைகள் கூடாது என்பதை 1993ஆம் ஆண்டின் ஆணை உறுதிசெய்திருக்கிறது. பகெத் செய்யும் கலையை 2022இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு யூரோவுக்குச் சற்றே கூடுதலான விலையில், அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு கிடைக்கும் அந்த ரொட்டி எங்களைப் பல மாலைகளில் காப்பாற்றியது.

ஆனாலும் ஓட்டலில் கழித்த நான்கு இரவுகளே எங்கள் பயணத்தின் கடினமான நாள்கள். அறையில் கெட்டில்கூட இல்லை. பிரான்ஸின் பல ஓட்டல்களில் அது வழக்கமாக இருப்பதில்லை என்பதை முன்பே கேட்டறிந்திருக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு அம்மாவுக்குப் பசி. ஏழு மணிக்குச் சமையலறை திறக்கும் வரை ரொட்டியும் வாழைப்பழமும். ஏழரைக்குத் தட்டு வரும்போது அவர் கண் சொக்கிச் சாய்ந்துவிடுவார், ஏனெனில் அவருடைய உடம்புக்கு அது இரவு பதினொரு மணி. மூன்றாம் நாள் இரவு, "ஒரு வாய் ரசஞ்சோறு இருந்தா போதும், வேற எதுவும் எனக்கு வேண்டாம்" என்று அம்மா சொன்னபோது, கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முப்பது ஆண்டுகளாக எல்லோருக்கும் பரிமாறிய பிறகே சாப்பிட உட்கார்ந்தவர் அவர்.

மறுநாள் லா சாப்பெலுக்குப் போனோம். பாரிஸின் வடக்கு ரயில் நிலையமான கார் துய் நோர்டுக்குப் பின்புறம், ஃபோபூர் சேன் தெனி தெருவையும் அதை ஒட்டிய தெருக்களையும் சேர்த்து, இலங்கைத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. போரினால் ஊரைவிட்டு வந்தவர்கள் 1980களிலிருந்து அங்கே வேர்விட்டார்கள். அருகிலுள்ள மாணிக்க விநாயகர் ஆலயம் 1985இல் தொடங்கியது, கோடை முடியும் தறுவாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதன் தேர் அந்தத் தெருக்களில் வலம் வருகிறது. பெயர்ப்பலகைகளைத் தமிழில் படித்ததும் அம்மா நடையில் வேகம் கூடியது. இடியாப்பம், தோசை, வடை, சோறு எல்லாம் கிடைத்தன. எதிர்பாராத ஒன்று சொதி. திருநெல்வேலியில் சொதி என்றால் மறுவீட்டு விருந்து. பாசிப்பருப்பும் காய்களும் தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் இஞ்சித் துவையலும் சேர்ந்த முழுச் சாப்பாடு. யாழ்ப்பாணத்தாரின் சொதி மஞ்சள் சேர்த்த மெல்லிய தேங்காய்ப்பால் சாறு, இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்வது. அதில் சில வீடுகளில் மீனும் சேர்ப்பார்கள் என்பதால் சைவர்கள் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். பெயர் ஒன்று, பண்டம் இரண்டு என்றாலும், கடைக்காரப் பெண் "அம்மா, இது சைவச் சொதிதான், பயப்பிடாமச் சாப்பிடுங்கோ" என்று சொன்ன அந்தக் குரலிலேயே அம்மாவின் பாதிப் பசி ஆறிவிட்டது.

அப்படியானால் அங்கேயே தங்கி அங்கேயே மூன்று வேளையும் சாப்பிடுவதுதானே சரி என்று தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. உணவகங்கள் பல பிற்பகலிலும் திறந்திருக்கின்றன, விலையும் நகரின் நடுப்பகுதியைவிடக் குறைவு, மொழிச் சிக்கல் அறவே இல்லை. ஆனால் அந்தப் பகுதி நாள் முழுதும் நெரிசலானது. ரயில் நிலையத்தைச் சுற்றி ஜேப்படிக்காரர்களிடம் விழிப்பாக இருக்க வேண்டும். இரவு நேரச் சத்தத்துக்கு முதியவர்கள் உறங்குவது கடினம். எண்ணெயும் காரமும் தூக்கலான கடைச் சாப்பாட்டை இரண்டு நாளைக்குமேல் அம்மாவால் தொடர முடியவில்லை. மகனுக்கோ, இவ்வளவு தூரம் வந்து ஊர்ச் சாப்பாட்டையே சாப்பிடுவதில் நிறைவில்லை. லா சாப்பெலை ஒரு மளிகைக்கடையாகவும் இரண்டொரு மாலைகளின் ஆறுதலாகவும் வைத்துக்கொள்வதே அதற்குரிய இடம் என்று கருதுகிறேன்.

நான்காவது வழிக்கு வருகிறேன். ஐந்தாம் நாள் நாங்கள் மாறிச் சென்ற வீட்டில் இரண்டு அடுப்பு, ஒரு குளிர்ப்பெட்டி, ஒரு மைக்ரோவேவ், துணி துவைக்கும் இயந்திரம். அன்று மாலை ஐந்து மணிக்கு ரசமும் பருப்புத் துவையலும் வைத்து, அம்மா சாப்பிட்டு ஆறரைக்குப் படுத்து, மறுநாள் காலை தெளிந்த முகத்தோடு எழுந்தார். வெளியே எங்கே போனாலும் திரும்பி வந்தால் சோறு உண்டு என்ற உறுதி வந்த பிறகுதான் அவர் லூவர் அருங்காட்சியகத்தில் மூன்று மணிநேரம் நடந்தார். சமையலறை மிகவும் தேவைப்பட்டது உடம்பு ஊர்க் கடிகாரத்தில் இருந்த முதல் நான்கு நாள்களில்தான். அந்த நாள்களைத்தான் நாங்கள் ஓட்டலுக்குக் கொடுத்தோம். வரிசையை மாற்றியிருந்தால் பயணமே வேறாக இருந்திருக்கும். இரண்டு இடங்களில் தங்க நினைப்பவர்கள் வீட்டை முதலில் வைத்துக்கொண்டு ஓட்டலைப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீடு எடுப்பதென்றால் பெட்டி கட்டும்போதே சமையல் தொடங்கிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற பயணிகள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரக் கூடாது. ஆகவே நெய்ப் பாட்டிலும் பால்கோவாவும் ஊரிலேயே இருக்கட்டும். பச்சைக் காய்கறி, பழம், இலை ஆகியவற்றுக்கு 2019 டிசம்பர் முதல் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அதிலிருந்து விலக்குப் பெற்றவை அன்னாசி, தேங்காய், முள்நாறி எனும் துரியன், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்து பழங்கள் மட்டுமே. தேங்காய்க்கு அனுமதி உண்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கு இல்லை என்பது நமக்கு விந்தையாகத் தோன்றினாலும் விதி அதுதான். கறிவேப்பிலையை லா சாப்பெலில் வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் கொண்டுசென்றவை சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, எள்ளுப்பொடி, புளி, பெருங்காயம், கல்லிடைக்குறிச்சி அப்பளம், சுக்கு, கருப்பட்டி, காபிப்பொடி, ஒரு சின்ன ஃபில்டர். இவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அடுப்பைப் பற்றி யாரும் எங்களிடம் முன்பே சொல்லவில்லை, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். பாரிஸில் வாடகைக்கு விடும் வீடுகள் பலவற்றில் இருப்பது இண்டக்ஷன் அடுப்பு. அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால் அது வேலை செய்யும், ஒட்டாவிட்டால் செய்யாது. எங்கள் அலுமினியக் குக்கர் ஆறு நாளும் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. சுடர் இல்லாததால் அப்பளம் சுடவும் முடியாது. மைக்ரோவேவில் வைத்தால் நன்றாகப் பொரிகிறது. வீடுகளில் புகை உணரும் கருவி 2015 முதல் கட்டாயம் என்பதால், தாளிக்கும்போது சன்னலைத் திறந்து எண்ணெய் புகையுமுன் கடுகைப் போட்டு மூடிவிட வேண்டும். மின்சாரம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட். இரண்டு முள் சார்ஜர் சேரும், நம் மூன்று முள் பிளக் சேராது.

தண்ணீர் இன்னொரு பாடம். பாரிஸின் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. தெருக்களில் 1872 முதல் நிற்கும் பச்சை நிற வாலஸ் நீரூற்றுகளில்கூட பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் அது சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினநீர். தாமிரபரணித் தண்ணீரில் பருப்பு வேகும் பக்குவத்துக்குப் பழகிய கை அங்கே தடுமாறுகிறது. துவரம்பருப்பு ஒன்றேகால் மணி நேரம் கொதித்தும் மசியவில்லை. சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும் சிவப்பு மைசூர்ப் பருப்பு கால் மணியில் வெந்துவிடுகிறது என்று கண்ட பிறகு சிக்கல் தீர்ந்தது. பாசுமதி அரிசியும் டின்னில் அடைத்த தேங்காய்ப்பாலும் அங்கேயே உண்டு. தயிர் 125 கிராம் சின்னக் கிண்ணங்களாக வருகிறது, புளிப்புக் குறைவு, தயிர்ச்சோற்றுக்கு நன்றாகவே சேர்கிறது. உளுந்தை மட்டும் லா சாப்பெலில் வாங்கி, பூண்டும் வெந்தயமும் தேங்காய்த் துருவலும் போட்டு ஒரே பாத்திரத்தில் உளுந்தஞ்சோறு வைத்த இரவு, மகன் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஞாயிறு பிற்பகலில் பல கடைகள் மூடிவிடுகின்றன, சிறு கடைகள் சில திங்களன்றும் திறப்பதில்லை. சனிக்கிழமையே சாமான் வாங்கிவிட வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த வழியின் உண்மையான குறையையும் சொல்லாமல் விடக் கூடாது. ஏழாம் நாள் இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி, "பாளையங்கோட்டையில செஞ்சதைத்தான் இங்கயும் செஞ்சுக்கிட்டிருக்கேன்" என்றாள். அது முற்றிலும் உண்மை. செலவு குறைந்தது, அம்மாவுக்கு உடம்பு தேறியது, எனக்கும் மகனுக்கும் வயிறு நிறைந்தது; அவளுக்கு மட்டும் விடுமுறை கிடைக்கவில்லை. வீடு எடுப்பது மலிவு என்று கணக்குப் போடுகிறவர்கள் அந்த உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை, நானும் சேர்க்கவில்லை. மறுநாள் முதல் காலைக் காபியும் பாத்திரங்களும் எனக்கு, சாமான் வாங்குவதும் குப்பையை வகை பிரித்துப் போடுவதும் மகனுக்கு என்று பிரித்தோம். மதியச் சாப்பாடு எப்போதும் வெளியே என்றும் வைத்துக்கொண்டோம். இந்தப் பங்கீட்டை ஊரிலேயே பேசி முடிக்காமல் சமையலறையுள்ள வீட்டை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மச்சானிடம் இதை நேரில் சொல்லிவிட்டேன், அவர் மறுக்கவில்லை.

செலவை ஒரு யூரோ நூறு ரூபாய் என்ற தோராயத்தில் பார்க்கலாம். ஐந்து பேர் மதியம் ஃபோர்முல் சாப்பிட்டால் 75 முதல் 100 யூரோ. இரவும் வெளியே என்றால் அதற்குக் குறையாமல் இன்னொரு மடங்கு. பத்து நாளைக்கு இரவுச் சாப்பாடு மட்டுமே முக்கால் இலட்சத்தைத் தாண்டும். வீட்டில் சமைத்தால் அதில் மூன்றிலொரு பங்குகூட ஆகாது. மதியத்தை வெளியிலும் இரவை வீட்டிலும் வைத்துக்கொண்டால், மலிவான வேளையில் அந்த ஊர்ச் சமையலைச் சுவைக்கவும், விலை கூடும் வேளையில் நம் சோற்றைச் சாப்பிடவும் முடிகிறது. சமையலறைகள் திறந்திருக்கும் பகல் ஒரு மணி நம் உடம்புக்கு மாலை நான்கரை என்பதால் முதியவர்களுக்கும் அந்நேரத்தில் நல்ல பசி இருக்கும்.

வீடு எங்கே இருக்க வேண்டும் என்பதைப் போக்குவரத்து முடிவுசெய்யட்டும். 2025ஆம் ஆண்டில் மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் ஒரு பயணச்சீட்டு 2.50 யூரோ, பேருந்துக்கும் டிராமுக்கும் 2 யூரோ என்று இருந்தது. ஒன்றை மற்றொன்றில் பயன்படுத்த முடியாது. நாவிகோ வாரச் சீட்டு எந்த நாளில் வாங்கினாலும் திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும், ஆகவே திங்களன்று இறங்குகிறவர்களுக்கே முழுப்பயன். முதியவர்களுக்குத் தாழ்தளப் பேருந்தே ஏற்றது. மெட்ரோவில் போக வேண்டுமென்றால் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உள்ள 14ஆம் தடம் எளிது. மதியம் சாப்பிட்டதும் மாமியாரை வீட்டில் விட்டுவிட்டுப் பிள்ளைகள் மறுபடி வெளியே போகக்கூடிய தொலைவில் வீடு இருந்தால், ஒரே பேருந்தில் வந்து சேர முடிந்தால், அதற்காக வாடகை சற்றுக் கூடினாலும் கொடுக்கலாம்.

இனி என் பரிந்துரை. சைவக் கட்டுப்பாடு இல்லாத இளம் தம்பதியர் ஓட்டலையே எடுக்கட்டும். அவர்கள் இரவு எட்டு மணிக்குப் பசியோடு உட்கார்ந்து அந்த ஊர்க்காரர்களைப் போலவே சாப்பிட்டால்தான் பாரிஸுக்குப் போன பயன் முழுமையாகும். தனியே போகும் மாணவர் லா சாப்பெல் அருகே மலிவாக ஓர் அறை எடுத்துக்கொள்ளலாம். பல நாடு பார்க்க விரும்பும் ஓய்வுபெற்றவர்களுக்குக் குழுச் சுற்றுலா. முதியவரோடு ஒரே நகரத்தில் தங்கும் என் தங்கை குடும்பத்துக்குப் பத்து இரவும் சமையலறையுள்ள வீடு, லா சாப்பெலுக்கு ஒரே பேருந்தில் போகும் தொலைவில், மதியச் சாப்பாடு வெளியே, இரண்டு இரவுகளில் மட்டும் தங்கைக்கும் மச்சானுக்கும் தனியே உணவகம்; அந்த இரண்டு இரவுகளில் பிள்ளைகள் தம் ஆச்சிக்கு ரசம் வைத்துக்கொடுக்க வேண்டும்.

தங்கை இப்போது பார்த்து வைத்திருக்கும் வீடு பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி. லிஃப்ட் உண்டா, அடுப்பு எந்த வகை என்ற இரண்டு கேள்விகளை வீட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். பதில் வந்த பிறகுதான் பணம் கட்டச் சொல்லியிருக்கிறேன். இதற்கிடையில் மாமியார் ரசத்துக்காக எடுத்து வைத்திருந்த ஈயச்சொம்பை நானே திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, காந்தம் ஒட்டிப் பார்த்த ஓர் எவர்சில்வர் பாத்திரத்தை அவர் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன்.